‘எர்ஸ்ட்வைல்’ எங்கே, ‘ஃபார்மர்’ எங்கே: எல்லைப்புறத் தமிழர் ஆங்கிலத்தில் கடந்த காலத்தை எழுதும்போது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு சித்தூர் உண்டு. இரண்டையும் சுற்றித் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. இரு இடத்தவரும் வீட்டில் தமிழும், அலுவலகத்தில் மலையாளமோ தெலுங்கோ, மனு மேலிடத்துக்குப் போக வேண்டுமென்றால் ஆங்கிலமும் எழுதுகிறவர்கள். அந்த ஆங்கிலத்தில் இரு பக்கமும் தவறாமல் தலைகாட்டும் பெயரடை ஒன்று இருக்கிறது: ‘எர்ஸ்ட்வைல்’ (erstwhile), அதாவது ‘முன்பிருந்த’. பாலக்காட்டுப் பக்கம் ‘எர்ஸ்ட்வைல் கொச்சின் ஸ்டேட்’ என்று எழுதுகிறார்கள். ஆந்திரப் பக்கம் ‘எர்ஸ்ட்வைல் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்’ என்று எழுதுகிறார்கள். முதலாவது சரி. இரண்டாவது, நாளிதழ்களில் அன்றாடம் அச்சேறினாலும், விவரம் அறியாதவரைத் தடுமாற வைக்கக்கூடியது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், ‘எர்ஸ்ட்வைல்’, ‘ஃபார்மர்’, ‘லேட்’, ‘எக்ஸ்’, ‘தி தென்’ (the then) என்று ஒரே பொருள் உடையவைபோல் தோன்றும் சொற்களில் எதை எங்கே எடுப்பது என்பது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது இச்சொற்கள் செய்யும் குறும்பு தனி. ‘ஃபார்மர்’ என்றால் உழவரும் அதுவே, முன்னாளும் அதுவே. ‘தென்’ என்றால் திசையும் அதுவே. இக்கட்டுரையில் வரும் ஃபார்மர் உழவர் அல்லர், தென் திசையும் அன்று.

நம்மவர் இச்சொற்களை அகராதி பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பழைய மனுவைப் பார்த்துப் புதிய மனு எழுதுகிறோம். அகராதியைப் பார்த்தாலும் பெரிதாக உதவி கிடைப்பதில்லை. அது எல்லாவற்றுக்கும் ‘முன்னாள்’, ‘முந்தைய’, ‘பழைய’ என்று கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: குறிப்பிடும் ஆளுக்கோ இடத்துக்கோ உண்மையில் என்ன நேர்ந்தது? இறந்துபோனாரா, பதவியை விட்டாரா, நிறுவனம் இன்னொன்றில் கரைந்துபோனதா, பெயர் மட்டும் மாறியதா, பெயர் அப்படியே இருக்க எல்லை மட்டும் குறைந்ததா? ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரடை இருக்கிறது. எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கோ, ஒரே ஊரைப் பற்றி எழுதும்போது இவை அனைத்தும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.

முதலில் ‘எர்ஸ்ட்வைல்’. ‘எர்ஸ்ட்’ என்பது ‘முதல், முன்பு’ என்ற பொருள் தரும் மிகப் பழைய ஆங்கிலச் சொல். ‘வைல்’ என்பது காலம். இரண்டும் சேர்ந்து ‘முன்னொரு காலத்தில்’ என்று வினையடையாகத்தான் முதலில் வழங்கின. பெயரடையாக அது பரவலானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று இது எழுத்து நடைக்குரிய சொல்; பெரும்பாலும் சற்றே கேலியோடு வருவது. ஒருவரை அங்கே ‘எர்ஸ்ட்வைல் ஃப்ரெண்ட்’ என்று குறிப்பிட்டால், இப்போது இருவருக்கும் ஆகாது என்ற குறிப்பு அதற்குள் ஒளிந்திருக்கும். இந்திய ஆங்கிலத்தில் அந்தக் கேலி முற்றிலும் உதிர்ந்துபோய், அரசு அலுவலகச் சொல்லாகவே அது நிலைத்துவிட்டது. சமஸ்தானங்கள் கரைந்ததும், மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டதும், வங்கிகள் இணைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த நாட்டில் அப்படி ஒரு சொல் தேவைப்பட்டது இயல்பே. ஆகவே ‘இது பழங்காலச் சொல், பயன்படுத்தவே கூடாது’ என்று சொல்லும் வெளிநாட்டு நடைக் கையேடுகளை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்காக, கல்யாணத்துக்கு உடுத்தும் பட்டு வேட்டியைக் கடைத்தெருவுக்கும் உடுத்திப் போவதுபோல், பள்ளியின் பழைய தலைமை ஆசிரியருக்கும் பஞ்சாயத்தின் பழைய உறுப்பினருக்கும் ‘எர்ஸ்ட்வைல்’ போடுவது பொருந்தாது.

அது பொருந்தும் இடம் தெளிவானது: ஓர் அரசோ நிர்வாகப் பிரிவோ நிறுவனமோ அந்த வடிவில் இன்று எங்குமே இல்லாமல் மறைந்திருக்க வேண்டும். கொச்சி சமஸ்தானத்தை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் தாலுகா அந்தச் சமஸ்தானத்தின் பகுதி. ஆனால் சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், நடுவில் பிரிட்டிஷ் மலபார் கிடக்க, தனித்து நின்ற துண்டு. 1949 ஜூலை 1 அன்று கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானது. 1957 ஜனவரி 1 அன்று மலபார் மாவட்டம் கண்ணூர், கோழிக்கோடு, பாலக்காடு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது; சித்தூரும் பாலக்காட்டு மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. இன்று கொச்சி என்ற பெயரில் நகரம் இருக்கிறது, அரசு இல்லை. மலபார் என்ற பெயரில் வட்டார வழக்கு இருக்கிறது, மாவட்டம் இல்லை. ஆகவே ‘எர்ஸ்ட்வைல் கொச்சின் ஸ்டேட்’, ‘எர்ஸ்ட்வைல் மலபார் டிஸ்ட்ரிக்ட்’ இரண்டும் முழுக்கச் சரி. அதே விதியில், 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியில் இணைந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரும், 2020 ஏப்ரல் 1 அன்று யூனியன் வங்கியில் இணைந்த ஆந்திரா வங்கியும் ‘எர்ஸ்ட்வைல்’ ஆகின்றன. பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கணக்கைப் புதுப்பிக்க எழுதுகிறவர் இச்சொல்லைத் தயங்காமல் போடலாம். வங்கிக்காரர்களே இதைத்தான் எழுதுகிறார்கள்.

ஆந்திரப் பக்கத்துச் சித்தூரின் கதை வேறு. அந்த மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து உருவாக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது, அதன் நிலப்பரப்பு சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என்ற மூன்று மாவட்டங்களுக்குள் பங்கிடப்பட்டது. புத்தூரும் சத்தியவேடும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. நகரியும் குப்பமும் சித்தூரிலேயே நின்றன. மதனப்பள்ளி அன்னமய்யாவுக்குப் போனது. மாவட்டம் பிரிந்தது, ஆனால் மறையவில்லை. சித்தூர் மாவட்டம் என்ற பெயரில் சிறியதாக ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது, அதற்கு ஆட்சியரும் இருக்கிறார். அப்படியிருக்க, ‘எர்ஸ்ட்வைல் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்’ என்று படிக்கும் வெளியூர்க்காரர் சித்தூர் என்ற மாவட்டமே இப்போது இல்லை என்றுதான் எண்ணுவார். ‘ஃபார்மர் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்’ என்றாலும் அதே தடுமாற்றம்தான். இங்கே தெலுங்குப் பத்திரிகைகள் நம்மைவிடத் துல்லியமாக இருக்கின்றன: அவை ‘உம்மடி சித்தூரு ஜில்லா’ என்று எழுதுகின்றன. ‘உம்மடி’ என்றால் கூட்டாக இருந்த, பிரிபடாத என்று பொருள். கூட்டுக் குடும்பத்துக்கும் அதே சொல். இதற்கு நேரான ஆங்கிலப் பெயரடை ‘அன்டிவைடெட்’. புத்தூர்க்காரர் 2015இல் வாங்கிய ஒரு சான்றிதழைப் பற்றி இப்போது எழுதும்போது ‘அன்டிவைடெட் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்’ என்று எழுதினால், அப்போது ஏன் சித்தூர் என்று இருந்தது, இப்போது ஏன் திருப்பதி என்று இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு சொல்லே விடை சொல்லிவிடும்.

மாநிலங்களுக்கும் இதே கணக்குத்தான். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்த பிறகும் ஆந்திரப் பிரதேசம் என்ற பெயர் தொடர்கிறது. ஆகவே முன்பிருந்ததை ‘அன்டிவைடெட்’ அல்லது ‘யுனைட்டெட்’ என்று சொல்ல வேண்டும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிவதற்கு முன்பிருந்த சென்னை மாகாணத்தை வரலாறு எழுதுவோர் ‘காம்போசிட் மெட்ராஸ் ஸ்டேட்’ என்று குறிப்பிடுவதும் இந்தக் காரணத்தால்தான். பிரிவினைக்குப் பிறகும் 1969 ஜனவரி 14 வரை ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்ற பெயர் நீடித்ததால், வெறும் ‘எர்ஸ்ட்வைல் மெட்ராஸ் ஸ்டேட்’ என்றால் 1953க்கு முன்னதா, பின்னதா, 1956க்கும் பின்னதா என்று தெரியாமல் போகும். மூன்று காலத்திலும் அதன் வரைபடம் வேறு.

‘ஃபார்மர்’ இவற்றில் மிகவும் அடக்கமான சொல். எனவே மிகவும் பயனுள்ள சொல். மனிதர்களுக்குப் பதவியோடு சேர்த்துச் சொல்வதற்கு இதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. அவர் ஓய்வு பெற்றாரா, விலகினாரா, தேர்தலில் தோற்றாரா, இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்ற எதையும் அது சொல்வதில்லை. இப்போது அந்தப் பதவியில் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. ‘பிரீவியஸ்’ அப்படியன்று, அது இப்போது இருப்பவருக்குச் சற்று முன்பு, இடையில் வேறொருவர் இல்லாமல் இருந்தவரைத்தான் பெரும்பாலும் குறிக்கும். பத்தாண்டுக்கு முன்பிருந்த கலெக்டர் ஃபார்மர் கலெக்டர் ஆவார், பிரீவியஸ் கலெக்டர் ஆகமாட்டார். தமிழில் ‘முன்னாள்’, ‘முந்தைய’ என்று நாம் செய்யும் பாகுபாடும் ஏறக்குறைய இதுவே. ‘ஃபார்மர்’ சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரண்டைச் சொல்லி முன்னதைக் குறிப்பது. கொழிஞ்சாம்பாறையையும் மீனாட்சிபுரத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் ‘தி ஃபார்மர்’ என்றால் அது கொழிஞ்சாம்பாறையே. மூன்று ஊர்களைச் சொல்லிவிட்டு ‘தி ஃபார்மர்’ என்று எழுதுவது பிழை. நம் மனுக்களில் இது அடிக்கடி நேர்கிறது.

இடத்துக்கும் ‘ஃபார்மர்’ போடலாம். உலகறிந்த எடுத்துக்காட்டு மாசிடோனியா. அப்பெயரை கிரீஸ் ஏற்காததால், 1993இல் அந்நாடு ‘தி ஃபார்மர் யூகோஸ்லாவ் ரிபப்ளிக் ஆஃப் மாசிடோனியா’ என்ற தற்காலிகக் குறிப்போடு ஐக்கிய நாடுகள் அவையில் சேர்க்கப்பட்டது. அங்கே ‘ஃபார்மர்’ சொல்லின் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாகவே ஐ.நா. எழுதியது, அது பெயரின் உறுப்பு அன்று, விளக்கம் மட்டுமே என்று காட்டுவதற்காக. 2019 பிப்ரவரியில் ‘வடக்கு மாசிடோனியா’ என்ற பெயர் நடைமுறைக்கு வரும்வரை அந்நாடு ஒரு பெயரடையின் நிழலிலேயே இருந்தது. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் சிறியது ஆனால் உறுதியானது: ‘எர்ஸ்ட்வைல்’, ‘ஃபார்மர்’ இரண்டையும் வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் தொடங்காதீர்கள். பெரிய எழுத்தில் தொடங்கினால் அவை பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. சமஸ்தானத்தின் பெயரே ‘எர்ஸ்ட்வைல் கொச்சின்’ என்றாகிவிடுகிறது.

‘லேட்’ சொல்லில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் தவறினால் உயிரோடிருப்பவரைக் கொன்றுவிடும். தந்தை பெயருக்கான கட்டத்தில் ‘லேட்’ என்று எழுதும் பழக்கம் நம் ஊர் விண்ணப்பங்களில் உறுதிப்பட்டுவிட்டது. வாரிசுச் சான்றிதழில் அது உண்மையிலேயே தேவையான தகவல். கட்டத்துக்குள் அப்படி வெறுமனே எழுதுவது குற்றமில்லை. முழு வாக்கியத்தில் வரும்போது ‘தி’ வேண்டும், அல்லது ‘மை’ போன்ற சொல் வேண்டும். இச்சொல் இறந்து ஓரளவு காலத்துக்குள் இருப்பவருக்கு, இன்னும் நினைவில் வாழ்வோருக்கு உரியது. ஐம்பது ஆண்டுக்கு முன் மறைந்த பாட்டனாரைப் பேரன் ‘மை லேட் கிராண்ட்ஃபாதர்’ என்று சொல்லலாம், உறவு இன்னும் உயிரோடிருப்பதால். ஆனால் பாரதியாருக்கு ‘லேட்’ போட்டு ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சடிப்பது அபத்தம். வரலாற்று மனிதர்கள் இறந்துவிட்டார்கள் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலையாளத்தில் ‘பரேதனாய’ என்று போடுவதையும் தெலுங்கில் ‘கீர்த்திசேஷுலு’ என்று போடுவதையும் பார்த்துப் பழகிய கைக்கு, ஆங்கிலத்தில் எங்கும் ‘லேட்’ தானாக வந்துவிடுகிறது.

பழைய காகிதங்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு இச்சொல் வைக்கும் பொறி இன்னொன்று. 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘லேட்’ என்பது ‘அண்மைவரை அப்பதவியில் இருந்த’ என்ற பொருளிலும் தாராளமாக வழங்கியது. ‘லேட் ஆஃப் தி மெட்ராஸ் சிவில் சர்வீஸ்’ என்று நூலின் முகப்பில் தன் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டவர் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் நலமாக இருந்தவரே. அவர் ஆவியாக வந்து நூல் எழுதவில்லை. நீதிமன்றப் பத்திரங்களில் ஓர் ஊரின் பெயருக்கு முன் ‘லேட் ஆஃப்’ என்று வந்தால், ‘முன்பு அவ்வூரில் குடியிருந்தவர்’ என்று பொருள். கோயில் நிலம், பாளையப்பட்டு வழக்கு ஆகியவற்றின் பழைய ஆவணங்களைத் தமிழாக்குகிறவர்கள் இதைக் கண்டவுடன் ‘மறைந்த’ என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அவரே கையெழுத்திட்டிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியிருக்கும்.

பதவியோடு ‘லேட்’ சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். அண்ணாதுரை 1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சராக இருக்கும்போதே காலமானார். அவரை அந்நாள்களில் ‘தி லேட் சீஃப் மினிஸ்டர்’ என்று எழுதியது பொருத்தம். காமராசர் பதவியை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு 1975 அக்டோபர் 2 அன்று காலமானார். அவருக்கு ‘ஃபார்மர் சீஃப் மினிஸ்டர்’ என்பதே சரியாக நின்றது. எனினும், 1956இல் கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு இணைந்ததைப் பற்றி எழுதும்போது இவ்விரண்டு பெயரடையுமே வேண்டாதவை. அப்போது அவர் மறைந்தவரும் அல்லர், முன்னாளும் அல்லர், பதவியில் இருந்தவர். அங்கே வர வேண்டியது ‘தி தென் சீஃப் மினிஸ்டர்’.

இந்த ‘தி தென்’தான் நம் எழுத்தில் மிகக் குறைவாகப் பயன்படும், ஆனால் எல்லைப்புறத்தாருக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் பெயரடை. தமிழில் ‘அப்போதைய’, ‘அன்றைய’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ஆங்கிலத்துக்குப் போனவுடன் அதை மறந்து ‘ஃபார்மர்’ எழுதுகிறோம். ‘ஃபார்மர்’ என்ற சொல் எழுதும் நாளில் நின்று திரும்பிப் பார்க்கிறது. ‘தி தென்’ நிகழ்ச்சி நடந்த நாளுக்கே போய் நிற்கிறது. ‘1936இல் ஃபார்மர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார்’ என்று எழுதினால், முடியிழந்த ஒருவர் பிரகடனம் செய்ததுபோல் ஒலிக்கும். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் திருவிதாங்கூரின் ஆளும் மன்னர். ஆகவே ‘தி தென் மகாராஜா’. அவர் 1949 முதல் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜப்பிரமுகராக, அதாவது ஆளுநருக்கு நிகரான பதவியில், இருந்தார். 1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் மன்னர்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி எழுதினால் ‘எர்ஸ்ட்வைல் ரூலர்’ என்பது பொருந்தும். 1991இல் அவர் மறைந்ததை ஒட்டிய எழுத்துகளில் ‘தி லேட்’ பொருந்தும். ஒரே மனிதர், மூன்று பெயரடைகள். தேர்ந்தெடுப்பது ஆளைப் பொறுத்தன்று, வாக்கியத்தில் சொல்லும் ஆண்டைப் பொறுத்தது.

ஓர் ஆதாரத்தை வைத்து இதைப் பார்க்கலாம் (எங்கள் பக்கம் நிலப் பத்திரத்துக்கு ஆதாரம் என்றே பெயர்). சித்தூர் தாலுகாவில் ஒரு குடும்பத்தின் நிலம். பாட்டனார் காலத்து எழுத்து. தேதி கொல்லம் 1112 என்று இருக்கிறது. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே இது 1936–37. இதைப் பற்றி இன்று வருவாய் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சொல்ல வேண்டியவை: எழுதிக்கொடுத்தவர் என் பாட்டனார், இன்று இல்லை, பதிவு செய்தவர் அந்நாள் சார்பதிவாளர், அப்போது ஊர் கொச்சி அரசைச் சேர்ந்தது. பாட்டனாருக்கு ‘மை லேட் கிராண்ட்ஃபாதர்’. அதிகாரிக்கு ‘தி தென் சப் ரிஜிஸ்ட்ரார்’. அரசுக்கு ‘தி எர்ஸ்ட்வைல் கொச்சின் ஸ்டேட்’. மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்: ‘தி லேட் சப் ரிஜிஸ்ட்ரார்’ என்றால் இறந்துபோன அதிகாரி பதிவு செய்தார் என்று படிக்க இடமுண்டு, ‘தி ஃபார்மர் சப் ரிஜிஸ்ட்ரார்’ என்றால் பதவியில் இல்லாதவர் பதிவு செய்தார், எனவே பதிவே செல்லாது என்று எதிர்த் தரப்பு வக்கீல் வம்பு பேச வழியுண்டு.

‘எக்ஸ்’ பற்றி நீட்ட வேண்டியதில்லை. ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ அரசே ஏற்ற சொல். அங்கே அதை மாற்ற முயல வேண்டாம். ‘எக்ஸ்-எம்.எல்.ஏ.’ பேச்சுக்கும் செய்தித் தலைப்புக்கும் ஏற்றது. மனுவில் ‘ஃபார்மர்’ மரியாதையாக இருக்கும். ராணுவ அதிகாரிக்கு ‘எக்ஸ்’ கூடாது. ஓய்வுக்குப் பிறகும் பதவிப் பெயர் அவரோடு இருப்பதால், பெயருக்குப் பின் ‘ரிட்டயர்டு’ என்று குறிப்பதே முறை. இங்கே எச்சரிக்கை ஒன்று. ‘எக்ஸ் அஃபிஷியோ’ என்பதற்கும் கடந்த காலத்துக்கும் தொடர்பே இல்லை. ‘பதவி வழியாக’ என்று பொருள். எக்ஸ் அஃபிஷியோ தலைவர் முன்னாள் தலைவர் அல்லர், இன்றைய பதவியினாலேயே தலைவரானவர். ‘எக்ஸ் பார்ட்டி’ முன்னாள் கட்சிக்காரர் அல்லர், ஒருதலைத் தீர்ப்பு. லத்தீனிலிருந்து வந்த இந்த ‘எக்ஸ்’ எல்லாவற்றையும் ‘முன்னாள்’ என்று பெயர்த்த துண்டறிக்கைகளை எல்லையின் இரு பக்கமும் காணலாம்.

பள்ளிக்கூடங்களின் சங்கங்களுக்கு ‘ஓல்டு ஸ்டூடன்ட்ஸ்’, ‘ஃபார்மர் ஸ்டூடன்ட்ஸ்’, ‘அலும்னை’ மூன்றும் வழங்குகின்றன. கேரளப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளின் பதாகைகளில் மலையாளப் ‘பூர்வ வித்யார்த்தி’யும் எட்டிப்பார்க்கும். ‘ஓல்டு’ பிரிட்டிஷ் மரபு, அன்பான சொல். தனி ஆளுக்குப் போட்டால் வயதைக் குறிப்பதாகத் தோன்றும் என்பதால் சங்கத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘பாஸ்ட் பிரசிடென்ட்’ என்பது ரோட்டரி, லயன்ஸ் போன்ற அமைப்புகளின் வழக்கு, வெளியே தேவையில்லை. ‘யெஸ்டர்இயர்’ சினிமா நடிகைகளுக்கென்றே இந்தியப் பத்திரிகைகள் ஒதுக்கிவைத்த சொல், அங்கேயே இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒப்பிட்ட பிறகு என் தேர்வைச் சொல்ல வேண்டுமானால், இடங்களைப் பொறுத்தவரை இந்தப் பெயரடைகள் எல்லாவற்றையும்விட ஆண்டைக் குறிப்பிடுவதே மேல். இதற்கு முன்மாதிரி நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1956இல் சேர்க்கப்பட்ட 290ஏ என்ற உறுப்பு, கன்னியாகுமரிப் பகுதிக் கோயில்களின் பராமரிப்புக்காகத் தமிழ்நாட்டு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியைக் குறிப்பிட அது ‘எர்ஸ்ட்வைல்’ என்றோ ‘ஃபார்மர்’ என்றோ சொல்லவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து இம்மாநிலத்துக்கு மாற்றப்பட்ட நிலப்பகுதிகள் என்றே சொல்கிறது. பெயரடை எழுதுகிறவரின் காலத்தைச் சார்ந்தது. தேதி எதையும் சாராதது. அதே 1956இன் மாநில மறுசீரமைப்புச் சட்டம், கலைக்கப்படவிருந்த திருவிதாங்கூர்-கொச்சியை ‘எக்ஸிஸ்டிங் ஸ்டேட்’, அதாவது இப்போதுள்ள மாநிலம், என்று குறிப்பிடுகிறது. சட்டம் எழுதிய நாளில் அது சரி. அந்தத் தொடரை இன்று அப்படியே பெயர்த்தெழுதினால், எழுபது ஆண்டுக்கு முன் மறைந்த மாநிலம் உயிர்த்தெழுந்துவிடும்.

கடைசியாக, மிகச் சிக்கலான ஒரு நேர்வு: 1955இல் திருத்தணியில் பிறந்தவர். பிறந்தபோது அது ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டம், 1956 நவம்பரிலிருந்து ஆந்திரப் பிரதேசம், எல்லைத் தகராறில் மத்தியஸ்தராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பையும் 1959இன் எல்லை மாற்றச் சட்டத்தையும் அடுத்து, 1960 ஏப்ரல் 1 முதல் மெட்ராஸ் மாநிலம், 1969இலிருந்து தமிழ்நாடு, இன்று திருவள்ளூர் மாவட்டம். படிவத்தில் பிறந்த இடத்துக்கான கட்டத்தில் எந்தப் பெயரடையும் வேண்டாம். ‘திருத்தணி, தமிழ்நாடு’ என்று இன்றைய பெயரை மட்டும் எழுதலாம், கணினி ஏற்றுக்கொள்வதும் அதைத்தான். பழைய பள்ளிச் சான்றிதழில் ‘சித்தூர் டிஸ்ட்ரிக்ட், ஆந்திரா ஸ்டேட்’ என்று இருந்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டால், தனிக் கடிதத்தில் விளக்க வேண்டும். அக்கடிதத்திலும் ‘எர்ஸ்ட்வைல் சித்தூர்’ கூடாது. ‘1960 மார்ச் 31 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி’ என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை எழுதி, 1959இன் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, சான்றிதழின் நகலை அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.